பிரதமரின் ஜீவன் திட்டம்: வைக்கோல் எத்தனாலுக்கு அரசு உதவி யாருக்குப் போகிறது?

இந்தத் திட்டத்தில் விவசாயியின் வங்கிக் கணக்குக்கு நேரடியாகப் பணம் வராது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வைக்கோல், கரும்புச்சக்கை, மூங்கில் போன்றவற்றிலிருந்து, பெட்ரோலில் கலக்கும் எத்தனாலை எடுக்க ஆலை கட்டுகிறவர்களுக்கு மத்திய அரசு தரும் உதவி இது. 2019-ல் பெட்ரோலிய அமைச்சகம் கொண்டுவந்தது.

ஆலை முதலாளிக்கு எதற்கு அரசுப் பணம் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். கரும்புச்சாற்றில் சர்க்கரை கரைந்தே இருக்கிறது, ஈஸ்ட்டைச் சேர்த்தால் நொதித்து எத்தனாலாகிவிடும். வைக்கோலிலும் சர்க்கரை உண்டு. ஆனால் அது செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ் என்ற நீண்ட சங்கிலிகளாகக் கோத்துக் கிடக்கிறது. சுவருக்குச் சிமெண்ட் போல லிக்னின் என்ற பொருள் அதை இறுக்கிப் பிடித்திருக்கிறது. ஈஸ்ட்டால் அதைத் தொடக்கூட முடியாது.

அதனால் முதலில் முன்பதப்படுத்த வேண்டும். வைக்கோலை நறுக்கி, மண் நீக்கி, நீர்த்த அமிலம் சேர்த்து, உயர் அழுத்த நீராவியில் வேகவைப்பது ஒரு முறை. அழுத்தத்தைச் சட்டென்று இறக்கினால் நார் பிளந்துகொள்ளும். அப்புறம்தான் நொதிகள் (என்சைம்கள்) உள்ளே போய்ச் செல்லுலோஸைச் சர்க்கரையாக வெட்டும். சூடு குறைந்தால் நார் திறக்காது. கூடினால் வெளிவந்த சர்க்கரையே ஃபர்ஃபுரால் என்ற வேண்டாத பொருளாக மாறி ஈஸ்ட்டின் வேலையைக் கெடுக்கும். அமிலம் சாதாரண இரும்பை அரித்துவிடும், வைக்கோலில் உள்ள சிலிக்கா இயந்திரங்களைத் தேய்க்கும். நொதிகளுக்கும் செலவு அதிகம். இத்தனையும் சேர்ந்துதான் இந்த எத்தனாலின் அடக்கவிலையை ஏற்றுகின்றன.

அடக்கவிலைக்கும் விற்கும் விலைக்கும் இடையிலுள்ள இடைவெளியை நிரப்பத்தான் அரசுப் பணம். மொத்த ஒதுக்கீடு 1,969.50 கோடி ரூபாய். அதில் 12 வணிக ஆலைகளுக்கு 1,800 கோடி, 10 மாதிரி ஆலைகளுக்கு 150 கோடி. வணிக ஆலை ஒன்றுக்கு அதிகபட்சம் 150 கோடியும் மாதிரி ஆலைக்கு 15 கோடியும் கிடைக்கும். மீதி 19.50 கோடி, பெட்ரோலிய அமைச்சகத்தின் கீழுள்ள உயர் தொழில்நுட்ப மையத்தின் நிர்வாகச் செலவுக்கு. உதவி பெறும் ஆலை, பெட்ரோலில் கலப்பதற்காக எண்ணெய் நிறுவனங்களுக்கு எத்தனாலைத் தர வேண்டும்.

முதலில் 2023-24 வரை என்றிருந்த திட்டத்தை, 2024 ஆகஸ்டில் 2028-29 வரை நீட்டித்தார்கள். எத்தனால் மட்டுமின்றி மற்ற மேம்பட்ட உயிரி எரிபொருள்களும் இப்போது சேரும். ஏற்கெனவே ஓடும் ஆலையோடு இணைத்துக் கட்டுகிறவர்களும் விண்ணப்பிக்கலாம். எனக்கு இது நல்ல மாற்றமாகவே படுகிறது. நீராவி, மின்சாரம் போன்ற வசதிகள் ஏற்கெனவே இருக்கும் இடத்தில் செலவு குறையும்.

ஹரியானாவின் பானிப்பட்டில் இந்தியன் ஆயில் ஆலை 2022 ஆகஸ்ட் 10-ல் தொடங்கிவைக்கப்பட்டது. ஆண்டுக்குச் சுமார் 2 லட்சம் டன் வைக்கோலிலிருந்து 3 கோடி லிட்டர் எத்தனால் எடுப்பது அதன் திட்டம். அசாமின் நுமாலிகரில் உள்ள ஆலைக்கு மூலப்பொருள் மூங்கில்.

சரி, விவசாயிக்கு என்ன? வைக்கோலை மாட்டுக்குப் போட்டுப் பழகிய நமக்கு அதை எரிப்பது விசித்திரமாகத் தெரியும். பஞ்சாப், ஹரியானாவில் நெல் அறுத்துக் கோதுமை விதைக்க மூன்று வாரம்கூடக் கிடைப்பதில்லை, அதனால் வயலிலேயே கொளுத்துகிறார்கள். எரிக்காமல் ஆலைக்கு விற்றால் வரும் விலைதான் விவசாயியின் பங்கு. ஆகவே இப்படியொரு ஆலைக்கு வைக்கோல் கொடுக்கிறவர்கள், கட்டுக்கட்டும் கூலியும் வண்டி வாடகையும் யார் பொறுப்பு, ஈரத்துக்கு எடையில் எவ்வளவு கழிப்பார்கள் என்பதை முன்கூட்டியே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.