திடப்படுத்துதல்: சொல் விளக்கம்

புதிய ஏற்பாட்டு நூலான அப்போஸ்தலர் நடபடிகளில், ஆதிசபையின் ஊழியரான பவுலின் பயணங்களைப் படிப்பவர்களுக்கு அடிக்கடி எதிர்ப்படும் வினை இது. ஏற்கெனவே விசுவாசத்துக்குள் வந்தவர்கள் தளர்ந்துபோகாதபடி தாங்கிப் பிடிப்பது என்று பொருள். புதியவர்களிடம் சுவிசேஷம் சொல்வதற்கு அங்கே வேறு சொற்கள் உண்டு.

14ஆம் அதிகாரத்தைப் பார்த்தால் பொருள் பிடிபட்டுவிடும். காலம் கி.பி. 40களின் பிற்பகுதி, இடம் இன்றைய துருக்கி. பிசிதியாவிலிருந்த அந்தியோகியாவில் பவுலையும் உடன்சென்ற பர்னபாவையும் எல்லைக்கு வெளியே துரத்தினார்கள் (13:50). இக்கோனியாவில், அதாவது இன்றைய கோன்யாவில், கல்லெறியப் போகிறார்கள் என்று தெரிந்து இருவரும் தப்பினார்கள். லீஸ்திராவில் கல்லெறிந்தே விட்டார்கள். செத்துவிட்டதாக நினைத்து பவுலை ஊருக்கு வெளியே இழுத்துப் போட்டார்கள். அவர் எழுந்து ஊருக்குள் போனார், மறுநாள் பர்னபாவோடு தெர்பைக்குப் புறப்பட்டார். அங்கிருந்து கிழக்கே மலைக்கணவாய் வழியாக இறங்கினால் பவுலின் சொந்த ஊரான தர்சு. அப்படியே சீரியாவுக்கும் போய்விடலாம். ஆனால் லீஸ்திரா, இக்கோனியா, அந்தியோகியா என்று அடிபட்ட ஊர்கள் வழியாகவே திரும்பினார்கள். 'சீஷருடைய மனதைத் திடப்படுத்தி' என்று காரணம் சொல்கிறது 22ஆம் வசனம். கஷ்டமெல்லாம் தீர்ந்துவிடும் என்று ஆறுதல் சொல்லவில்லை. அநேக உபத்திரவங்களின் வழியாய்த்தான் தேவனுடைய ராஜ்யத்துக்குள் போகவேண்டும் என்றார்கள். சொன்னவர் கல்லடி பட்டவர் என்பது கேட்டவர்களுக்குத் தெரியும். அப்புறம் சபைதோறும் அதை நடத்தும் மூப்பர்களை ஏற்படுத்திவிட்டுக் கிளம்பினார்கள். இவர்கள் போனபிறகும் சபை நிற்கவேண்டுமே.

இங்கே மூலத்தில் உள்ள கிரேக்க வினை எபிஸ்டெரிட்சோ. முட்டுக்கொடுத்தல், சாய்ந்துகொள்ளத் தாங்கல் தருதல் என்பது அதன் வேர்ப்பொருள். பழைய ஏற்பாட்டின் பண்டைய கிரேக்க மொழிபெயர்ப்பில், அடிபட்ட சவுல் ராஜா தன் ஈட்டியின்மேல் சாய்ந்து நின்றதைச் சொல்லும் இடத்திலும் (2 சாமுவேல் 1:6) இதே வினைதான். லத்தீன் வேதாகமம் இதை 'கொன்ஃபிர்மாரே' என்று பெயர்த்தது. ஞானஸ்நானம் பெற்றவரை விசுவாசத்தில் உறுதிப்படுத்தும் சடங்கின் பெயரான கன்ஃபர்மேஷன் பிறந்தது அந்த லத்தீன் வினையிலிருந்து. அந்தச் சடங்கைத் தென்னிந்தியத் திருச்சபையில் திடப்படுத்தல் என்கிறோம். கத்தோலிக்கர் உறுதிபூசுதல் என்கிறார்கள்.

16:5இல் சபைகள் விசுவாசத்தில் 'ஸ்திரப்பட்டு' என்று வருவது வேறொரு கிரேக்க வினை. கெட்டியானது என்ற பொருளுள்ள ஸ்டெரியோஸ் அதன் வேர். (நம் ரத்தப் பரிசோதனைச் சீட்டில் வரும் கொலஸ்ட்ராலுக்குள்ளும் அந்த ஸ்டெரியோஸ்தான் உட்கார்ந்திருக்கிறது!) எருசலேம் ஆலயத்தின் அலங்கார வாசலில் எழுந்து நடந்த சப்பாணியின் கால்கள் பெலன் கொண்டதற்கும் (3:7) அதே வினைதான்.

சரி, தமிழுக்கு வருவோம். திடம், வடமொழியின் 'த்ருட'. ஸ்திரமும் அங்கிருந்து வந்ததே. தனித்தமிழ் வேண்டுவோர் முதலில் எடுப்பது 'உறுதிப்படுத்துதல்'. தவறில்லை, ஆனால் டிக்கெட் உறுதியானதா, செய்தி உறுதிப்படுத்தப்பட்டதா என்று அந்தச் சொல் இன்று வேறு வேலைக்குப் போய்விட்டது. 'வலுப்படுத்துதல்' பலத்தைக் கூட்டுவது. தாங்குவது அதில் இல்லை. கிரேக்கச் சொல்லின் உருவத்துக்கு மிக நெருங்கி வருவது நம் ஊன்றுகோல். ஒழுக்கமுடையவர் வாய்ச்சொல் 'இழுக்கல் உடையுழி ஊற்றுக்கோல் அற்றே' என்கிறது குறள் (415). வழுக்கும் இடத்தில் கைக்கு அகப்படும் கோல் அது. தீர்க்கதரிசிகளான யூதாவும் சீலாவும் சகோதரரை 'அநேக வார்த்தைகளினாலே புத்திசொல்லி' திடப்படுத்தியதாக 15:32 சொல்வதோடு இது எவ்வளவு பொருந்துகிறது பாருங்கள்.

ஊன்றுகோலை வினையாக்கி எழுதினால் வாசகத்தில் ஒட்டாது. ஆகவே என் தேர்வு 'நிலைநிறுத்துதல்'. 14:22இலேயே அடுத்து 'விசுவாசத்திலே நிலைத்திருக்கும்படி' என்று வருவதால் இரண்டும் இணைந்து நிற்கும். சபைக்குள் பேசும்போது திடப்படுத்துதலே போதும், எல்லாருக்கும் புரிகிறது. கூட்ட நோட்டீஸ்களில் மட்டும் அதை 'எழுப்புதல்' (ரிவைவல்) என்பதற்கு மாற்றாகப் போடாதீர்கள். தூங்குகிறவனை எழுப்புவது வேறு, நிற்கிறவனைத் தாங்குவது வேறு.