குழந்தையின் படம் செய்தியாகும்போது: முகத்தை மறைத்தால் மட்டும் போதுமா?

பென்னாகரம் வட்டத்திலோ அஞ்செட்டி மலையிலோ ஒரு சிற்றூரில் 16 வயதுச் சிறுமிக்கு நடக்கவிருந்த திருமணத்தை அதிகாரிகள் தடுத்து நிறுத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் மாவட்டச் செய்திப் பக்கத்தில் சிறுமியின் கண்கள்மேல் கறுப்புப் பட்டை போட்ட படம் வருகிறது. ஆனால் ஊரின் பெயர், படிக்கும் பள்ளி, தந்தையின் தொழில் எல்லாம் செய்தியில் அச்சாகியிருக்கின்றன. படத்தின் பின்னணியில் வீட்டு வாசலில் கட்டிய வாழைமரமும் தெரிகிறது. ஐம்பது வீடுகள் உள்ள ஊரில் அந்தக் கறுப்புப் பட்டை எதையும் மறைப்பதில்லை.

இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம், 2015-இன் 74ஆம் பிரிவு இதைத்தான் தடுக்கிறது. குற்றச்சாட்டுக்கு உள்ளான சிறார், குற்றத்தால் பாதிக்கப்பட்ட அல்லது அதற்குச் சாட்சியான குழந்தை, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை ஆகியோரின் பெயர், முகவரி, பள்ளி, படம் மட்டுமல்லாமல், அடையாளம் காட்டக்கூடிய வேறு எந்த விவரத்தையும் வெளியிடக் கூடாது. உரிய வயதுக்கு முன் திருமணம் செய்துவைக்கப்படும் ஆபத்தில் உள்ளவர்களும், சட்டவிரோதமாக வேலைக்கு அமர்த்தப்பட்டு மீட்கப்பட்டவர்களும் மூன்றாம் வகைக்குள் அடங்குவர் என்பது தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய நம் இரு மாவட்டங்களிலும் பலர் கவனிக்காத செய்தி. நாளிதழ், தொலைக்காட்சி மட்டுமன்றி 'பிற தகவல் தொடர்பு வடிவங்கள்' என்றும் சட்டம் சொல்வதால், வாட்ஸ்அப் குழுவில் படம் போடுபவரும் தப்ப முடியாது. தண்டனை 6 மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

பாலியல் குற்ற வழக்காக இருந்தால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டம், 2012-இன் 23ஆம் பிரிவும் சேர்ந்துகொள்கிறது. குடும்ப விவரம், குழந்தை வசிக்கும் பகுதி ஆகியவற்றையும் அப்பிரிவு பெயர் சொல்லியே தடுக்கிறது; 6 மாதத்துக்குக் குறையாமல் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். நிருபர் அனுப்பிய படம், தமக்குத் தெரியாது என்று ஊடக உரிமையாளர் கைகழுவ முடியாது. ஊழியரின் செயலுக்கு உரிமையாளரும் வெளியீட்டாளரும் பொறுப்பாவர். பாதிக்கப்பட்டவர் இறந்துவிட்டாலும் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று நிபுன் சக்சேனா வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றம் கூறியது.

"பெற்றோர்தான் படம் கொடுத்தார்கள்" என்ற பதில் அடிக்கடி வரும். மேற்சொன்ன வகைகளில் அது செல்லாது. குழந்தையின் நலனுக்கு உகந்தது என்று கருதினால், காரணத்தை எழுத்தில் பதிந்து அனுமதிக்கும் அதிகாரம், குற்றச்சாட்டுக்கு உள்ளான சிறாரை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்துக்கும் பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகளைக் கவனிக்கும் குழந்தைகள் நலக் குழுவுக்கும் உண்டு. போக்சோ வழக்கில் சிறப்பு நீதிமன்றத்துக்கு உண்டு.

இந்த வகைகளில் சேராத குழந்தையின் நிலை வேறு. பள்ளி ஆண்டு விழாப் படம் கேட்காமல் அச்சானது என்பதாலேயே அது குற்றமாகிவிடாது. ஆனால் பேருந்து நிலையத்தில் நிற்கும் மாணவர்களின் பழைய படத்தைப் 'போதைக்கு அடிமையாகும் மாணவர்கள்' என்ற செய்திக்குப் பயன்படுத்தினால் அது அவதூறாகலாம். இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவின்படி இதற்கு 2 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. வெளியிட்டது உண்மை, பொதுநலனுக்கானது என்று காட்டினால் அவதூறு வழக்கிலிருந்து விடுபடலாம். 74ஆம் பிரிவிலோ செய்தி உண்மையாக இருப்பது காப்பாற்றாது.

புகார் செய்ய விரும்புவோர் நாளிதழின் அந்தப் பக்கத்தைத் தேதியுடன் எடுத்து வைக்கவேண்டும். இணையச் செய்தியானால் இணைப்பையும் ஸ்கிரீன்ஷாட்டையும் சேமிக்கவேண்டும். நியாயம் கேட்பதாக நினைத்து அதே படத்தை நாமும் பகிர்ந்தால் தவறு இரட்டிப்பாகும். மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவிடமும் காவல் நிலையத்திலும் மனு கொடுக்கலாம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழைத்தும் உதவி கேட்கலாம். அவதூறுக்குக் குற்றவியல் நடுவரிடம் நேரடியாகத் தனிப் புகார் செய்யவேண்டும். பாதிக்கப்பட்டவர் குழந்தை என்றால், நீதிமன்ற அனுமதியுடன் வேறொருவர் அவர் சார்பில் அதைத் தாக்கல் செய்யலாம். நாளிதழ்கள் குறித்து இந்தியப் பத்திரிகை மன்றத்திடமும் முறையிடலாம். முதலில் ஆசிரியருக்கு எழுதி, அந்தக் கடித நகலுடன் செய்தி வெளியான 2 மாதத்துக்குள் புகார் அனுப்பவேண்டும். மன்றம் அபராதம் விதிக்காது. எச்சரிக்கவும் கண்டிக்கவும் மட்டுமே அதற்கு அதிகாரம் உண்டு.