பொன்ஸ்: உருவம் ஒத்தால் உறவு என்று முடிவு கட்டாதீர்கள்

சொற்பிறப்பியல் சொல்லிக்கொடுக்கிற எனக்கு, மாணவர்கள் ஒரே மாதிரி ஒலிக்கும் இரண்டு சொற்களை ஜோடி சேர்த்துக்கொண்டு வரும்போதெல்லாம் கார்னிஷ் மொழியின் 'பொன்ஸ்' நினைவுக்கு வரும். இங்கிலாந்தின் தென்மேற்கு முனையான கார்ன்வாலின் கெல்டிக் மொழி அது, வேல்ஸின் வெல்ஷும் பிரான்ஸின் பிரிட்டனிப் பகுதியில் பேசும் பிரெத்தோனும் அதற்கு உடன்பிறந்தவை. பொன்ஸ் என்றால் பாலம். லத்தீனிலும் பாலம் பொன்ஸ்தான். ரோமர்கள் கி.பி. 43 முதல் சுமார் 410 வரை பிரிட்டனை ஆண்டவர்கள், அப்புறம் என்ன, கார்ன்வால்காரர்கள் அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டார்கள் என்று எழுதிவிடத் தோன்றும்.

லத்தீன் கடன் என்பது சரி, 'அப்படியே' என்பதுதான் தவறு. வெல்ஷிலும் பிரெத்தோனிலும் பாலத்துக்குப் பெயர் 'பொன்ட்'. லத்தீனில் எழுவாயாக நிற்கும்போதுதான் பொன்ஸ், வேற்றுமை ஏறினால் பொன்டெம், பொன்டிஸ் என்று உள்ளே இருக்கும் ட் வெளிவந்துவிடும். கடன் வாங்கப்பட்டது அந்த ட் உள்ள வடிவம். அது பல நூற்றாண்டுகள் கழித்து, ரோமர்கள் போன பிறகு, கார்ன்வாலிலேயே ஸ் ஆனது. ஆக லத்தீன் ஸ் வேறு, கார்னிஷ் ஸ் வேறு.

எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்? இந்த ஒரு சொல் மட்டும் இப்படி மாறவில்லை. வெல்ஷில் நூறு 'கான்ட்', கார்னிஷில் 'கான்ஸ்'. அப்பா அங்கே 'டாட்', இங்கே 'டாஸ்'. பள்ளத்தாக்கு அங்கே 'நான்ட்', இங்கே 'நான்ஸ்'. ஊர்ப்பெயர்களும் சாட்சி சொல்கின்றன: மொழி நெடுநாள் வாழ்ந்த மேற்கில் 'நான்ஸ்' வழி வந்த நான்கிளெட்ரா (அந்த ஸ் பின்னால் தேய்ந்துவிட்டது), முன்னதாகவே ஆங்கிலம் பரவிய கிழக்கில் ட்ரெனன்ட் என்று பழைய ட்.

இன்னொன்று இதைவிட ஏமாற்றும். பல்லுக்குக் கார்னிஷில் 'டான்ஸ்', லத்தீனில் 'டென்ஸ்'. இது கடனே இல்லை. இரண்டும் இந்தோ-ஐரோப்பிய மூதாதை மொழியிலிருந்து தனித்தனியாக வந்தவை. தலைகீழாக, தேவாலயத்துக்குக் கார்னிஷில் 'எக்லோஸ்', பிரெத்தோனில் 'இலிஸ்'. பார்த்தால் சம்பந்தமே தெரியாது, ஆனால் இரண்டுமே லத்தீன் 'எக்லேசியா'வின் பிள்ளைகள், அதுவோ கிரேக்கத்திலிருந்து வந்தது.

அதனால் ஒரு சொல்லின் வேரைப் பகிர்வதற்கு முன் தயவுசெய்து உடன்பிறந்த மொழிகளைப் பாருங்கள், பழைய வடிவத்தைத் தேடுங்கள், அதே மாற்றம் வேறு சொற்களிலும் நடந்திருக்கிறதா என்று கேளுங்கள். கார்னிஷ் விஷயத்தில் இது வெறும் ஆர்வம் அல்ல. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டிப் பேச்சுவழக்கு அற்றுப்போன மொழி அது, 1904-இல் அறிஞர் ஹென்றி ஜென்னர் எழுதிய கார்னிஷ் மொழிக் கையேட்டோடு மீட்பு தொடங்கியது, பழைய நூல்களில் கிடைக்காத சொற்களை வெல்ஷையும் பிரெத்தோனையும் ஒப்பிட்டு மறுபடி உருவாக்கினார்கள். இந்த ட்-ஸ் கணக்கில் பிசகினால் கார்ன்வாலில் ஒருநாளும் யாரும் பேசாத சொல் பள்ளிப் பிள்ளைகளின் அகராதியில் ஏறிவிடும்.