வாத்தியார் குதிக்க வழி வேண்டும்: டைகர் மாத் உருவான விதம்

டைகர் மாத் விமானத்தைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால் ஒன்று கண்ணில் படும். மேல் சிறகு கீழ்ச் சிறகுக்கு நேர் மேலே இல்லை. முன்னால் தள்ளி நிற்கிறது. மேலிருந்து பார்த்தாலோ, இரண்டு சிறகுகளும் நுனிப் பக்கம் போகப் போகப் பின்னால் சாய்கின்றன. ஜெட் விமானங்களில் சிறகைச் சாய்ப்பது வேகத்துக்காக. மணிக்கு 175 கிலோமீட்டரை எட்டவே திணறும், துணி போர்த்திய இந்தப் பயிற்சி விமானத்துக்கு அது எதற்கு? வாத்தியார் பாராசூட்டோடு வெளியே குதிக்க வேண்டும், அதற்காகத்தான்.

இதற்கு முன்னோடி, டி ஹாவிலாண்ட் நிறுவனத்தின் டிஎச் 60 மாத். இங்கிலாந்தின் ஃப்ளையிங் கிளப்புகளில் செல்லப்பிள்ளை. ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு திறந்த காக்பிட்டுகள். பின்னால் மாணவர், முன்னால் வாத்தியார். முன் இருக்கைக்குத் தலைக்கு நேர் மேலே மேல் சிறகின் நடுப்பகுதி, அதிலேயே பெட்ரோல் டேங்க், சுற்றிலும் அதைத் தாங்கும் கால்கள். பொழுதுபோக்காகப் பறப்பவருக்கு இது பெரிய தொல்லை இல்லை. பிரிட்டிஷ் விமானப்படைக்கு அப்படியில்லை. கனத்த உடையும் பாராசூட்டும் கட்டிய ஒருவர் ஆபத்து நேரத்தில் அந்தக் கூண்டுக்குள்ளிருந்து எப்படி வெளியேறுவார்?

சரி, தலைக்கு மேல் இருப்பதை முன்னால் நகர்த்திவிட்டால் போச்சு. நகர்த்தினார்கள். அங்கேதான் வம்பு ஆரம்பித்தது.

மாட்டு வண்டியில் மூட்டை ஏற்றியவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் என்றால் என்னவென்று தெரியும். பாரம் அச்சுக்குப் பின்னால் போனால் நுகத்தடி மேலே எழும்பும். விமானத்தில் அச்சின் இடத்தில் இருப்பது சிறகுகள் தரும் தூக்குவிசையின் மையம். இங்கே பாரம் இருந்த இடத்திலேயே இருக்க, அச்சை முன்னால் இழுத்துவிட்டார்கள். விளைவு ஒன்றுதான்: பின்பாரம். மூக்கு மேலே தூக்கும். விமானம் நிலை கொள்ளாது.

இன்ஜினையும் இருக்கைகளையும் இடம் மாற்றினால் முழு விமானத்தையும் புதிதாக வரைய வேண்டும். அதற்குப் பதில் சிறகின் அடியை முன்னாலேயே விட்டுவிட்டு நுனிகளைப் பின்னால் சாய்த்தார்கள். தூக்குவிசை சிறகின் நீளம் முழுக்கப் பரவியிருப்பதால், நுனி பின்னால் போனால் மொத்த மையமும் பின்னால் வரும். கணக்கு நேரானது.

ஆனால் வால் தரையில் ஊன்றி, மூக்கு நிமிர்ந்து நிற்கும் விமானம் இது. சிறகு நுனி பின்னால் போனால் தரைக்கும் நெருங்கும். அதனால் கீழ்ச் சிறகை நுனிப் பக்கம் இன்னும் கொஞ்சம் மேலே தூக்க வேண்டியதாயிற்று. ஒரு முடிச்சை அவிழ்க்க அடுத்தது இறுகும் கதை. இதில் பெரும்பகுதி லண்டனை அடுத்த ஸ்டாக் லேன் பட்டறையில், விமானத்தையே கிட்டே வைத்துக்கொண்டு செய்து பார்த்துத் திருத்தியது. 1931 அக்டோபர் 26-ல் முதல் டைகர் மாத் பறந்தது. ஓட்டியவர் ஹியூபர்ட் பிராட்.

இன்ஜினையும் சொல்லியாக வேண்டும். நான்கு சிலிண்டர்களும் தலைகீழாகத் தொங்கும். அதனால் மூக்கின் மேல்பகுதி தாழ்ந்து, ஓட்டுபவருக்கு முன்னால் இருப்பது கொஞ்சமாவது தெரியும். புரொப்பல்லரும் தரையிலிருந்து உயரத்தில் சுழலும். பெட்ரோலுக்குப் பம்ப் கிடையாது. மேல் சிறகின் டேங்கிலிருந்து தானாக இறங்கும். ஸ்டார்ட் செய்ய ஒருவர் முன்னால் நின்று புரொப்பல்லரைக் கையால் சுற்றிவிட வேண்டும். வாத்தியார் பேசுவது மாணவர் காதுக்குப் போவது ஒரு ரப்பர் குழாய் வழியாக.

இதை ஓட்டுவது சுலபம், நன்றாக ஓட்டுவது கஷ்டம் என்பார்கள். காரணம் ஏலரான்கள், அதாவது விமானத்தை ஒருபுறம் சரிக்கும் அசையும் பலகைகள். அவை கீழ்ச் சிறகில் மட்டும்தான். கீழே இறங்கும் பலகை தன் பக்கத்துச் சிறகைத் தூக்கும். கூடவே காற்றின் இழுவையையும் கூட்டும். இடப்பக்கம் திரும்ப நினைத்தால் மூக்கு வலப்பக்கம் இழுபடும். இதைக் குறைக்க, மேலே போகும் பலகை நிறைய அசையவும் கீழே போவது கொஞ்சமே அசையவும் இணைத்திருந்தார்கள். அப்படியும் மிச்சம் இருக்கும். அதைக் காலால் சுக்கானை மிதித்துத்தான் சரிசெய்ய வேண்டும். சோம்பல் காலை விமானமே காட்டிக்கொடுத்துவிடும். பயிற்சி விமானத்துக்கு இது குறையா, நிறையா? என்னைக் கேட்டால் நிறைதான்.

தனியாகப் பறக்கும்போது மாணவர் பின் இருக்கையிலேயே இருப்பார். முன் இருக்கை விமானத்தின் எடை மையத்துக்கு அருகில் இருப்பதால், வாத்தியார் இறங்கிப் போனாலும் முன்பாரம் பின்பாரம் அவ்வளவாக மாறாது.

இரண்டாம் உலகப் போரில் ஆயிரக்கணக்கான விமானிகள் இதில்தான் முதலில் கை பழகினார்கள். கார் செய்துகொண்டிருந்த மோரிஸ் ஆலையிலும் இது தயாரானது. குளிர் கடுமையான கனடாவில் காக்பிட்டுக்கு மூடி போட்டார்கள். மொத்தம் 8,000-க்கும் மேல். இந்தியாவில் பேகம்பேட்டிலும் ஜோத்பூரிலும் இருந்த பயிற்சிப் பள்ளிகளில் ஓடியது. 1951-ல் பெங்களூரில் பறந்த எச்டி-2 என்ற பயிற்சி விமானம் பின்னர் அதன் இடத்தைப் பிடித்தது. அதற்கு ஒரே சிறகுதான், உடலுக்குக் கீழே. வாத்தியார் குதிப்பதைத் தடுக்கத் தலைக்கு மேல் சிறகே இல்லை.