நின்று கிடந்த வண்டியும் எம்.ஓ.டி. சோதனையும்

பிரிட்டனில் ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் எம்.ஓ.டி. என்ற வாகனத் தகுதிச் சோதனையின் கணக்கைப் பார்த்தால் ஒரு விஷயம் உடனே கண்ணில் படும். கார்களில் நான்கில் ஒன்றுக்கும் மேல் முதல் தடவையில் தேறுவதில்லை. மோட்டார் சைக்கிள்களில் தேறாமல் போவது ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு. மழைக்கும் சாலை உப்புக்கும் உறுப்புகளையெல்லாம் திறந்துபோட்டபடி ஓடுகிற வண்டி, காரைவிட நன்றாகத் தேறுகிறது.

அதிலும் க்ரூசர் ரக பைக்குகளைப் பற்றிப் பலருக்கு ஒரு சந்தேகம் உண்டு. தாழ்ந்த சீட்டு, முன் சக்கரத்தைத் தாங்கி முன்னே நீட்டிய ஃபோர்க், முந்நூறு கிலோ எடை, இரண்டு சிலிண்டர்கள் V வடிவில் நிற்கும், நின்ற இடத்திலேயே குலுங்கும் வி-ட்வின் இன்ஜின். இது எப்படி ஒவ்வொரு ஆண்டும் சோதனையில் தேறும் என்று கேட்பார்கள். என்னைப் பொறுத்தவரை க்ரூசரின் பெரிய எதிரி அந்தக் குலுக்கல் அல்ல, ஆறு மாதம் ஓட்டாமல் கராஜில் கிடப்பதுதான். அது ஏன் என்று புரிய, சோதனை எதைப் பார்க்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

எம்.ஓ.டி. என்பது போக்குவரத்து அமைச்சகம் என்ற பெயரின் ஆங்கில முதலெழுத்துகள். 1960-இல் தொடங்கியபோது பத்து வயது தாண்டிய வண்டிகளுக்கு மட்டும் பிரேக், விளக்கு, ஸ்டியரிங் ஆகியவற்றைப் பார்த்தார்கள். 1967-இல் அந்த வரம்பு மூன்று ஆண்டாகக் குறைந்தது. இன்றும் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸில் புது பைக்குக்கு மூன்றாம் ஆண்டு நிறைவில் முதல் சோதனை, பிறகு ஆண்டுதோறும். வட அயர்லாந்தில் மட்டும் நான்கு ஆண்டு. நம் ஊரில் சொந்த உபயோக இருசக்கர வண்டிக்கு முதல் 15 ஆண்டு பதிவு முடிந்து புதுப்பிக்கப் போகும்போதுதான் இப்படி ஒரு பரிசோதனை வரும். அங்கே 15 வயது வண்டி அதற்குள் ஒரு டஜன் தடவை மேடை ஏறியிருக்கும்.

சோதிப்பவர் எதையும் கழற்றிப் பார்க்க மாட்டார். இன்ஜினின் உடல்நிலை, கிளட்ச், கியர்பாக்ஸ் எதுவும் சோதனையில் கிடையாது. கார்களுக்கு இருப்பதுபோல் புகை அளவீடும் பைக்குக்கு இல்லை. பிரேக், விளக்கு, டயர், ஸ்டியரிங், சஸ்பென்ஷன், சக்கரம், ஃபிரேம், சைலன்சர், ஹாரன், நம்பர் பிளேட்: ஏறக்குறைய இவ்வளவுதான். ஆகவே "இந்த மாடல் எம்.ஓ.டி.யில் நன்றாகத் தேறுகிறது" என்று ஒருவர் சொன்னால், அந்த இன்ஜின் நம்பகமானது என்று அதற்குப் பொருள் இல்லை. நடுவழியில் நின்றுபோகிற பழக்கமுள்ள வண்டியும் அன்று காலை ஸ்டார்ட் ஆகி வந்துவிட்டால் தேறலாம்.

பிரேக்கைத்தான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் அங்கேதான் எண் வருகிறது. சக்கரத்தை இரண்டு உருளைகளுக்கு நடுவே நிறுத்துவார்கள். மோட்டார் அந்த உருளைகளை மெதுவாகச் சுழற்றும், அவற்றோடு சக்கரமும் சுழலும். பிரேக் பிடித்தவுடன் சக்கரம் உருளையை எதிர்த்து இழுக்கிறது. அந்த இழுவிசையை இயந்திரம் அளக்கிறது. வண்டியும் ஆளும் சேர்ந்த எடையில் அந்த விசை எத்தனை சதவீதம் என்பதுதான் கணக்கு. இரண்டு பிரேக்குகளில் ஒன்று குறைந்தது 30 சதவீதம் காட்ட வேண்டும், மற்றது 25.

முந்நூறு கிலோ வண்டி, எண்பது கிலோ ஆள், மொத்தம் 380 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒரு பிரேக் 114 கிலோ எடைக்குச் சமமான விசையோடு இழுக்க வேண்டும், மற்றது 95. நூற்றைம்பது கிலோ பைக்கில் அதே ஆள் வந்தால் 69-உம் 58-உம் போதும். வண்டி கனமானால் தேர்வும் அதே விகிதத்தில் கனமாகிறது, க்ரூசருக்கு இதில் சலுகை ஏதும் கிடையாது. ஆனால் ஒழுங்காக இருக்கும் எந்த டிஸ்க் பிரேக்குக்கும் இது பெரிய விஷயமில்லை.

இந்த 30 சதவீதம் சாலையில் என்னவாகிறது என்று போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 48 கிலோமீட்டர், அதாவது அந்த நாட்டின் 30 மைல் வேகத்தில், 30 சதவீத பிரேக் ஒன்றை மட்டும் பிடித்தால் வண்டி நிற்க 30 மீட்டர் ஆகும். இரண்டையும் சேர்த்து 55 சதவீதம் கிடைத்தால் சுமார் 17 மீட்டர். அந்நாட்டின் சாலை விதிநூல் அதே வேகத்துக்குச் சொல்லும் பிரேக் தூரமோ 14 மீட்டர். ஆக, மயிரிழையில் தேறிய வண்டி விதிநூல் எதிர்பார்க்கும் இடத்தைத் தாண்டி ஒரு பைக் நீளத்துக்கு மேலேயே போய்த்தான் நிற்கும். சோதனை சொல்வது அடிமட்ட எல்லையை. அதற்கு மேல் எவ்வளவு இருக்கிறது என்று சான்றிதழைப் பார்த்தாலே தெரிந்துவிடாது.

சரி, நல்ல டிஸ்க் பிரேக் ஏன் தோற்கிறது? டிஸ்க்கைக் கவ்வும் கேலிப்பருக்குள் பிஸ்டனைச் சுற்றி சதுர வெட்டில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். பிரேக் பிடிக்கும்போது பிஸ்டன் முன்னால் போக, ரப்பர் கொஞ்சம் வளைகிறது. கையை விட்டதும் ரப்பர் நிமிர்ந்து பிஸ்டனை மில்லிமீட்டரில் ஒரு பங்கு மட்டும் பின்னால் இழுத்துவிடுகிறது. பிரேக் பேடு டிஸ்க்கை விட்டு விலகுவது இந்த இத்துனூண்டு அசைவால்தான். தனியாக ஸ்பிரிங் எதுவும் இல்லை.

குளிர்காலத்தில் பிரிட்டன் சாலைகளில் பனி உறையாமல் இருக்க உப்பு தூவுவார்கள். அக்டோபர் கடைசியில் ஒரு நாள் ஓட்டிவிட்டு, கழுவாமல் கராஜில் வைத்து மூடினால், பிஸ்டனின் வெளியே தெரியும் விளிம்பில் உப்பும் பேடு தூளும் ஈரமும் சேர்ந்து பொருக்குத் தட்டும். ஏப்ரலில் எடுத்து பிரேக் பிடித்தால் நம் கையின் அழுத்தம் பிஸ்டனைத் தள்ளிவிடும், ஆனால் ரப்பரால் அதைத் திருப்பி இழுக்க முடியாது. பேடு டிஸ்க்கிலேயே ஒட்டிக்கொண்டு உரசும். முன் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்க்கும் சோதகருக்கு அந்த உரசல் இரண்டு விநாடியில் தெரிந்துவிடும். ஓடிக்கொண்டே இருக்கும் வண்டியில் பிஸ்டன் தினமும் அசைவதால் பொருக்கு கட்ட நேரம் கிடைப்பதில்லை.

ஆயிலும் சும்மா இருப்பதில்லை. பெரும்பாலான பைக்குகளில் இருக்கும் டாட் 4 பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தரவிதி. ஈரம் ஏறிய நிலைக்கு அதே விதி வைத்திருக்கும் எல்லை 155. உருளை மேல் நடக்கும் சில நொடிச் சோதனையில் பிரேக் சூடாகவே செய்யாது, அதனால் இந்தக் குறை அங்கே வெளிவராது. மலைச்சாலை இறக்கத்தில்தான் வரும்.

குரோமுக்கு வருவோம். ஃபோர்க் குழாயின் கண்ணாடிபோன்ற மேல்பூச்சை நுண்ணோக்கியில் பார்த்தால் மெல்லிய வெடிப்புகள் வலைபோல் ஓடுவது தெரியும். கடினக் குரோமின் இயல்பு அது. உப்புநீர் அந்த வெடிப்பு வழியாக அடியிலுள்ள இரும்பை எட்டினால் துரு உள்ளிருந்து பூச்சைக் கொப்புளமாகத் தூக்குகிறது. ஊசிமுனை அளவு குழி போதும். ஃபோர்க் மேலும் கீழும் போகும் ஒவ்வொரு முறையும் அந்தக் குழியின் விளிம்பு ஆயிலை உள்ளே நிறுத்தும் ரப்பர் சீல் வளையத்தை அறுக்கும். பிறகு ஆயில் கசியும், சோதனையில் அது குறைதான். கசிந்தது வழிந்து முன் டிஸ்க் வரை போனால் பிரேக் எண்ணும் விழுந்துவிடும். குரோம் பளபளவென்று இருக்க வேண்டும் என்பது அழகுக்காக மட்டும் இல்லை என்று க்ரூசர்க்காரர்களிடம் நான் சொல்லிக்கொண்டே இருப்பது இதனால்தான்.

நம் மெக்கானிக்குகள் கோன்செட் என்று சொல்லும் ஸ்டியரிங் பேரிங்கைச் சோதிப்பது பார்க்கவே நன்றாக இருக்கும். முன் சக்கரத்தைத் தரையை விட்டுத் தூக்கி, ஹேண்டில்பாரை விரலால் மெதுவாக ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் திருப்புவார்கள். நடுவில் எங்காவது 'டக்' என்று ஒரு பள்ளத்தில் உட்காருவதுபோல் இருந்தால் பேரிங் போய்விட்டது. க்ரூசர் பெரும்பாலும் நேர் சாலையில் ஓடுவது, ஹேண்டில் ஒரே கோணத்திலேயே நிற்கும். சாலைக் குழிகளின் அடி அத்தனையும் பேரிங் உருளைகள் வழியாக ஒரே இடத்தில் விழுந்து விழுந்து அங்கே தடம் பதிகிறது. அப்புறம் ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுவார்கள். ஆட்டம் இருந்தால் அதுவும் குறை.

டயரிலும் இதே நேர்ச்சாலைக் கதைதான். 50 சிசிக்கு மேற்பட்ட பைக்கின் டயரில், அகலத்தின் முக்கால் பங்கில் சுற்றளவு முழுக்க 1 மில்லிமீட்டர் பட்டன் ஆழம் இருக்க வேண்டும், மீதிக் கால் பங்கில் பட்டன் கண்ணுக்குத் தெரிந்தால் போதும். க்ரூசரின் பின் டயர் நடுவில் மட்டும் தேய்ந்து தட்டையாகும். பக்கங்களைப் பார்த்துவிட்டு "இன்னும் புதுசு மாதிரி இருக்கே" என்று ஏமாறுவது சுலபம்.

அந்தக் குலுக்கல் ஒன்றுமே செய்வதில்லையா? செய்கிறது, விளக்குகளில். பைக்குகள் தோற்பதற்கான காரணங்களில் விளக்குகள்தான் முன்னணியில் இருக்கின்றன. ஹார்லி டேவிட்சன் பாணி 45 டிகிரி வி-ட்வினில் இரண்டு பிஸ்டனும் இன்ஜினின் சுழல்தண்டிலுள்ள ஒரே கிராங்க் பின்னில் தொங்குவதால், எரிப்புகள் 315 டிகிரி, 405 டிகிரி என்று சமமில்லாத இடைவெளியில் வரும். அந்தச் சீரற்ற துடிப்புதான் அந்தப் புகழ்பெற்ற சத்தம். அதன் அதிர்வு, சூடாகி இளகியிருக்கும் டங்ஸ்டன் இழையையும் ஒயர் முனைகளையும் சோர வைக்கும். அந்த நிறுவனத்தின் ஸ்போர்ட்ஸ்டர் வரிசையில் 2003 வரை இன்ஜினை நேரடியாக ஃபிரேமிலேயே முடுக்கியிருந்தார்கள், 2004-இலிருந்து இடையில் ரப்பர் வந்தது. இப்போது எல்இடி விளக்குகளில் அறுந்துபோக இழையே இல்லை.

என் வண்டி ஒருமுறை தோற்றது பின் பிரேக் விளக்கால். பிரேக் ஆயிலின் அழுத்தத்தில் வேலை செய்யும் ஒரு சின்ன ஸ்விட்ச், குளிர்காலம் முழுக்கச் சும்மா கிடந்ததில் ஒட்டிக்கொண்டது. கைப்பிரேக்குக்கு விளக்கு எரிந்தது, கால்பிரேக்குக்கு எரியவில்லை. கராஜில் நான் பார்த்தது கைப்பிரேக்கை மட்டும்.

சொந்தக்காரர்கள் மாட்டும் அலங்காரங்களால் தோற்பது தனி வகை. சத்தத்துக்காக மாற்றிய சைலன்சரில் 'சாலைப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று பொறித்திருந்தால், சத்தம் குறைவாக இருந்தாலும் தேறாது. ஹேண்டில்பாரை உயர்த்திவிட்டு பிரேக் ஹோஸை மாற்றாமல் விட்டால், முழுதாகத் திருப்பும்போது அது விறைத்து நிற்கும். இவற்றையெல்லாம் மாடலின் கணக்கில் எழுதுவது நியாயமில்லை.

மாடல்களை ஒப்பிடுவதிலும் இதே சிக்கல் இருக்கிறது. சோதனையை நிர்வகிக்கும் டிவிஎஸ்ஏ, ஒவ்வொரு சோதனையின் முடிவையும் உரிமையாளர் அடையாளம் இல்லாமல் பொதுவில் வெளியிடுகிறது. அருமையான தரவு அது. அதை வைத்து, க்ரூசர் இத்தனை சதவீதம், தினசரி வேலைக்கு ஓடும் ஸ்கூட்டர் இத்தனை சதவீதம் என்று பட்டியல் போட்டால் க்ரூசர் மேலே வரக்கூடும். ஆனால் ஸ்கூட்டர் மழையிலும் பனியிலும் ஓடியிருக்கும், க்ரூசரோ ஞாயிற்றுக்கிழமை வெயிலில் மட்டும். சோதனைக்கு முந்தின நாள் அதன் பல்புகளையெல்லாம் சரிபார்த்துத் துடைத்துவைக்கிற ஆளும் உண்டு. ஒரே வயது, ஒரே ஓட்டத் தூரம் உள்ள வண்டிகளை மட்டும் எடுத்து ஒப்பிட்டால்தான் வண்டியைப் பற்றி ஏதாவது தெரியும். இல்லையென்றால் தெரிவது ஓட்டுபவரைப் பற்றித்தான்.

அந்தத் தரவில் மூன்றெழுத்துக் குறி ஒன்று உண்டு: பிஆர்எஸ். முதலில் தேறவில்லை, ஆனால் அங்கேயே ஒரு மணி நேரத்துக்குள் சரிசெய்து தேறியது என்று பொருள். பல்பு மாற்றுவதெல்லாம் இதில் அடங்கும். இதைத் தேறியதாக எண்ணுவதா தேறாததாக எண்ணுவதா என்பதைப் பொறுத்தே மொத்த சதவீதம் மாறும். விளக்குகளே முக்கியக் காரணமாக இருக்கும் பைக்குகளில் இது சின்ன வித்தியாசம் இல்லை.

பழைய க்ரூசர் வாங்குபவருக்கு அந்தச் சராசரிகளைவிட உதவுவது அந்த ஒரு வண்டியின் வரலாறு. பதிவு எண்ணைத் தட்டினால் 2005 முதலான சோதனைகள், ஒவ்வொன்றிலும் மீட்டர் காட்டிய மைல், தேறியும் சோதகர் எழுதிவைத்த எச்சரிக்கைக் குறிப்புகள் எல்லாம் இலவசமாக வரும். மைல் வரிசையைத்தான் நான் முதலில் படிப்பேன். ஒரு சோதனைக்கும் அடுத்ததற்கும் இடையே நூற்றைம்பது மைல்தான் ஓடியிருந்தால், இன்ஜின் சத்தத்தைக் கேட்பதற்கு முன் முன் சக்கரத்தைத் தூக்கி, கையால் ஒரு சுற்று சுற்றி, கேலிப்பர் உரசுகிறதா என்று காது கொடுப்பேன்.