வேகம் குறையவில்லை, வேவு மட்டும் நடந்தது

சித்தி மகள் போன மாதம் அழாத குறையாகப் போன் செய்தாள். அவளுடைய கணக்கிலிருந்து தோழிகள் எல்லோருக்கும் "இதில் பணம் போட்டால் இரட்டிப்பாகும்" என்று செய்தி போயிருக்கிறது. பாஸ்வேர்டை மாற்றினாள். மறுநாளும் அதே செய்தி போனது. லேப்டாப்பில் ஏதாவது புகுந்திருக்குமோ என்று கேட்டேன். "இருக்காதுண்ணா, புது லேப்டாப், பறக்குது" என்றாள்.

நமக்குத் தெரியாமல் வேவு பார்க்கும் ஸ்பைவேர் வந்தால் கம்ப்யூட்டர் மெதுவாகிவிடும் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். 2000களின் தொடக்கத்தில் அது உண்மைதான். அப்போது பான்சிபடி என்று ஓர் ஊதா நிறக் கொரில்லா இலவசமாகக் கிடைத்தது. திரையில் உட்கார்ந்து ஜோக் சொல்லும். கூடவே பிரவுசரின் முகப்புப் பக்கத்தை மாற்றும், விளம்பரங்களைக் கொட்டும். அந்த மாதிரி நான்கைந்து சேர்ந்தால் அன்றைய கம்ப்யூட்டர் மூச்சு வாங்கத்தான் செய்யும். இன்றைக்கு வேவு பார்ப்பவனுக்கு வேண்டியது உங்கள் பாஸ்வேர்டு. நீங்கள் தட்டும் எழுத்துகளைக் குறித்துவைக்கும் வேலை இன்றைய பிராசசருக்கு ஒரு பொருட்டே இல்லை. அதனால் வேகத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

எழுத்துகளை எப்படிக் குறிக்கிறது என்பதைப் பார்க்கலாம். நீங்கள் ஒரு விசையைத் தட்டினால் அந்த எழுத்து நேராக வேர்டுக்கோ பிரவுசருக்கோ போவதில்லை. கீபோர்டு ஓர் எண்ணை அனுப்புகிறது, விண்டோஸ் அதை வாங்கி, எந்தச் சன்னல் முன்னால் இருக்கிறதோ அதற்குக் கொடுக்கிறது. நடுவில் விண்டோஸ் ஒரு வசதி வைத்திருக்கிறது. "விசை எதுவானாலும் கொடுப்பதற்கு முன் என்னிடம் ஒருமுறை காட்டு" என்று எந்த நிரலும் கேட்டுக்கொள்ளலாம். இதற்கு ஹூக் என்று பெயர், அதாவது கொக்கி.

இது திருட்டுக்காக வைத்த வசதி இல்லை. பார்வையற்றோருக்குத் திரையை வாசித்துக் காட்டும் மென்பொருளுக்கு இது வேண்டும். ஆங்கில விசைகளில் ஏ, எம், எம், ஏ என்று தட்டினால் 'அம்ம' என்று வருகிறதே, அதற்கும் யாரோ ஒருவர் நடுவில் நின்று எழுத்தை மாற்றித்தான் ஆக வேண்டும். தமிழ்த் தட்டச்சு மென்பொருள்கள் சில இந்தக் கொக்கியைத்தான் பயன்படுத்துகின்றன. கீலாகர் என்னும் வேவு நிரல் வந்து நிற்பதும் இதே இடத்தில்தான். அது எழுத்தை மாற்றாது, பார்த்து எழுதிக்கொண்டு அப்படியே விட்டுவிடும். உங்கள் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. கொக்கி போட்டவர்கள் எல்லோரையும் பிடித்து வெளியே தள்ள ஆன்டிவைரஸால் முடியாமல் போவதற்கும் இதுதான் காரணம். தள்ளினால் நாம் தமிழில் தட்டுவதே நின்றுபோகலாம்.

சரி, பிறகு எப்படித்தான் கண்டுபிடிப்பது? வேவு நிரலுக்கு ஒரு கட்டாயம் உண்டு. கம்ப்யூட்டரை அணைத்தால் அதுவும் அணைந்துவிடும். மறுபடி எழ வேண்டுமென்றால், விண்டோஸ் தொடங்கும்போது தன்னையும் எழுப்பும்படி எங்காவது எழுதிவைத்தே ஆக வேண்டும். ரெஜிஸ்ட்ரி, டாஸ்க் ஷெட்யூலர், சர்வீஸ் பட்டியல், ஸ்டார்ட்டப் ஃபோல்டர் என்று அதற்குச் சில இடங்கள் இருக்கின்றன. டாஸ்க் மேனேஜரில் தெரியும் ஸ்டார்ட்டப் பட்டியல் இவற்றில் ஒரு பகுதிதான். முழுவதையும் பார்க்க மைக்ரோசாஃப்ட்டே இலவசமாகத் தரும் ஆட்டோரன்ஸ் நல்ல கருவி. மைக்ரோசாஃப்ட்டின் சொந்த வரிகளை மறைத்துவிடச் சொன்னால் மிச்சம் கொஞ்சம்தான் இருக்கும், ஒரு டீ குடிக்கும் நேரத்தில் படித்துவிடலாம்.

படிக்கும்போது பெயரை நம்பாதீர்கள், இருப்பிடத்தைப் பாருங்கள். எஸ்விசிஹோஸ்ட் என்பது விண்டோஸின் உண்மையான நிரல், அது சிஸ்டம்32 ஃபோல்டரில் இருக்கும். அதே பெயரில் இன்னொன்று உங்கள் ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் இருந்தால் சந்தேகப்பட வேண்டியதுதான். ஆப்டேட்டாவில் எழுத அட்மின் அனுமதி தேவையில்லை என்பதால் வேவு நிரல்களுக்கு அது வசதியான இடம். நல்ல மென்பொருள்கள் பலவும் அங்கே இருக்கின்றன, ஆகவே பார்த்தவுடன் அழித்துவிடாதீர்கள். டிஜிட்டல் கையொப்பமிட்டு வெளியிட்ட நிறுவனத்தின் பெயர் இல்லாமல், எப்போது போட்டோம் என்று நினைவும் இல்லாமல், தானாக எழுந்துகொள்ளும் ஒன்றைத்தான் தேட வேண்டும்.

பட்டியலையே ஏமாற்றும் வகையும் உண்டு. 2005இல் சோனி பிஎம்ஜி தன் இசை சிடிக்கள் சிலவற்றில் நகலெடுப்பதைத் தடுக்க ஒரு மென்பொருளை வைத்தது. சிடியைக் கம்ப்யூட்டரில் போட்டு அதன் நிரலை நிறுவினால், அது விண்டோஸுக்குள் ஆழமாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். டாலர் குறிகளுக்கு நடுவே 'சிஸ்' என்று பெயர் தொடங்கும் எந்தக் கோப்பையும் அது யார் கண்ணுக்கும் தெரியாமல் மறைத்தது. அதே ஆண்டு அக்டோபர் 31 அன்று விண்டோஸ் நிபுணர் மார்க் ருசினோவிச் இதை வெளியே கொண்டுவந்தார். அவர் கையாண்ட முறை எனக்கு மிகவும் பிடிக்கும். என்னென்ன கோப்புகள் இருக்கின்றன என்று விண்டோஸிடம் கேட்பது ஒரு பட்டியல். விண்டோஸைக் கேட்காமல் டிஸ்கையே நேராக வாசிப்பது இன்னொரு பட்டியல். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். இரண்டாவதில் இருந்து முதலாவதில் இல்லாதது எதுவோ, அதை யாரோ மறைக்கிறார்கள். சில வாரங்களிலேயே வேறு ஆட்களின் வைரஸ்களும் தங்கள் கோப்புக்கு அந்தப் பெயரை வைத்துக்கொண்டு அந்த மறைவிடத்தில் ஒளிந்தன. சோனி சிடிக்களைத் திரும்பப் பெற்றது.

விண்டோஸுடன் வரும் டிஃபெண்டரில் 'ஆஃப்லைன் ஸ்கேன்' என்று ஒன்று இருக்கிறது. கம்ப்யூட்டரை மறுபடி தொடங்கி, வழக்கமான விண்டோஸ் எழுவதற்கு முன்பே டிஸ்கைச் சோதிக்கும். சுமார் 15 நிமிடம் ஆகும். மறைக்கிறவன் எழுந்திருக்காதபோது பார்த்தால் அவனால் மறைக்க முடியாது, அவ்வளவுதான் விஷயம்.

இத்தனையும் சித்தி மகளின் லேப்டாப்பில் செய்து பார்த்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. அப்புறம் பேச்சோடு பேச்சாக அவளே சொன்னாள். ஏதோ ஒரு தளத்தில் 'நான் ரோபோ இல்லை' என்று நிரூபிக்க, விண்டோஸ் பட்டனோடு ஆர், பிறகு கன்ட்ரோலோடு வி, பிறகு என்டர் தட்டச் சொன்னதாம். தட்டியிருக்கிறாள்.

அங்கேதான் எல்லாம் நடந்திருக்கிறது. 'நான் ரோபோ இல்லை' பெட்டியைச் சொடுக்கியபோதே அந்தப் பக்கம் ஒரு கட்டளையை, நாம் காப்பி செய்வது தங்கும் கிளிப்போர்டில் வைத்துவிட்டது. விண்டோஸும் ஆரும் சேர்ந்தால் கட்டளைப் பெட்டி திறக்கும், கன்ட்ரோல் வி அதில் ஒட்டும், என்டர் அதை ஓட்டும். கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அது உரிமையாளரே கொடுத்த கட்டளை. இப்படி உள்ளே வருபவை இன்ஃபோஸ்டீலர்கள். லும்மா என்ற ஒன்று மட்டும் 2025 மார்ச் 16 முதல் மே 16 வரையிலான இரண்டே மாதத்தில் 3,94,000க்கும் அதிகமான விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் புகுந்திருந்ததாக மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொன்னது. இந்த வகையில் பல தங்குவதே இல்லை. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும் குக்கிகளையும் அள்ளி அனுப்பிவிட்டுத் தம்மைத் தாமே அழித்துக்கொள்ளும். ஸ்டார்ட்டப் பட்டியலில் எத்தனை தேடினாலும் கிடைக்காது.

குக்கி போனால் என்ன என்று தோன்றலாம். சைக்கிள் ஸ்டாண்ட் டோக்கனை நினைத்துக்கொள்ளுங்கள். டோக்கனை யார் நீட்டுகிறாரோ அவரிடம் சைக்கிளைக் கொடுத்துவிடுவார்கள், முகத்தைப் பார்ப்பதில்லை. ஒருமுறை பாஸ்வேர்டும் ஓடிபியும் கொடுத்து உள்ளே போனதும் தளம் உங்கள் பிரவுசருக்குத் தரும் டோக்கன்தான் குக்கி. அது கையில் இருப்பவரிடம் பாஸ்வேர்டையும் கேட்பதில்லை, ஓடிபியையும் கேட்பதில்லை. தளத்தைப் பொறுத்து, நீங்கள் பாஸ்வேர்டை மாற்றிய பின்னும் பழைய டோக்கன் செல்லுபடியாகிக்கொண்டே இருக்கலாம்.

அதனால் தடயத்தைக் கணக்கில் தேடினோம். சித்தியின் போனை வாங்கி, அதிலிருந்து முதலில் அவளுடைய ஈமெயிலுக்குள் போனோம், மற்ற கணக்குகளுக்கான மீட்பு இணைப்புகளெல்லாம் அங்கேதானே வரும். பிறகு செய்தி அனுப்பிய கணக்கு. 'உள்நுழைந்த சாதனங்கள்' பட்டியலில் அவள் லேப்டாப், அவள் போன், இதுவரை பார்த்தே இராத ஊரில் ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டர். 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு' என்பதை அழுத்திய பிறகுதான் பாஸ்வேர்டை மாற்றினோம். லேப்டாப்பில் விண்டோஸைப் புதிதாக நிறுவி முடிக்கும்வரை அதில் எந்தக் கணக்கையும் திறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். வங்கிக் கணக்கில் ஒன்றும் போகவில்லை. போயிருந்தால் அன்றைக்கே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்குத்தான் முதலில் போன் செய்திருப்போம்.