குளிர்நீரில் ரீபிரீதர்: ஸ்க்ரப்பரைக் கவனியுங்கள்

நாம் வெளிவிடும் மூச்சைச் சுத்தப்படுத்தித் திரும்பச் சுவாசிக்கத் தரும் டைவிங் கருவி ரீபிரீதர். அதன் பயிற்சிக்கு வருகிறவர்கள் குளிர்நீர் என்றதும் முதலில் கேட்பது, "ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றை மூச்சுக்கு ஏற்ற அழுத்தத்தில் தரும் கருவி) உறைந்துவிடுமா?" என்றுதான். உறையலாம். ஆனால் ஒரு பயிற்றுநராக எனக்கு அதைவிடப் பெரிய கவலை ஸ்க்ரப்பர், அதாவது மூச்சைச் சுத்தப்படுத்தும் கலன்.

நாம் வெளிவிடும் கரியமில வாயுவைப் பிடித்துவைப்பது அதிலுள்ள சோடா லைம் என்ற காரத் துகள்கள். அந்த வேதிவினை வெப்பத்தை உண்டாக்கும். அந்தச் சூடு இருந்தால்தான் வினையும் வேகமாக நடக்கும். சில்லென்ற நீரில் கலனின் ஓரத்துத் துகள்கள் சரியாகச் சூடேறாது. வாயு அவற்றைத் தாண்டிப் போய்விடும். அதே சமயம் நடுங்கும் உடல் வழக்கத்தைவிட அதிகக் கரியமில வாயுவை உண்டாக்குகிறது. வெதுவெதுப்பான நீரில் தாராளமாகத் தாங்கிய அதே நிரப்பு இங்கே முன்கூட்டியே கைவிடுவது இதனால்தான்.

ஸ்க்ரப்பர் தாங்கும் என்று கையேட்டில் போட்டிருக்கும் நேரத்தை அப்படியே நம்பாதீர்கள். ஐரோப்பியத் தரநிலையான ஈ.என். 14143 சோதனை 4 டிகிரி நீரில், 40 மீட்டர் ஆழத்தில், நிமிடத்துக்கு 1.6 லிட்டர் கரியமில வாயு என்ற கணக்கில் நடக்கிறது. நீங்கள் அதைவிட ஆழம் போனாலோ, நீரோட்டத்தை எதிர்த்து நீந்தினாலோ அந்த நேரம் உங்களுக்குப் பொருந்தாது. "நேற்று கொஞ்ச நேரம்தானே ஓடியது, மீதி இருக்கும்" என்று பழைய நிரப்போடு குளிர்நீரில் இறங்குவதை நான் அனுமதிப்பதே இல்லை.

இறங்குவதற்கு முன் கலனை உறைபனியில் வைக்காமல் கதகதப்பான இடத்தில் வையுங்கள். ஐந்து நிமிடம் கரையிலேயே ரீபிரீதரில் சுவாசித்துப் பார்ப்பது ஸ்க்ரப்பரைச் சூடேற்றும், அதற்காகவே செய்யலாம். ஆனால் அந்த ஐந்து நிமிடமும் நன்றாக இருந்தது என்பதால் ஸ்க்ரப்பர் சரியாக இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது.

கரியமில வாயு ஏறினால் மூச்சு வாங்கும், தலை கனக்கும், காரணமில்லாத பீதி வரும். முடிவெடுக்க வேண்டிய மூளையே அப்போது கலங்கியிருக்கும். மூச்சிரைப்பில் மவுத்பீஸை ஒரு நொடி கழற்றக்கூட மனம் வராது. அதனால் மவுத்பீஸிலேயே பெயில்-அவுட் வால்வு (ரீபிரீதரை விட்டு அவசர சிலிண்டரின் காற்றுக்கு மாற்றும் வால்வு) இருப்பது நல்லது. சந்தேகம் வந்த உடனே மாறிவிடுங்கள், உறுதியாகட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

அந்த உறையும் ரெகுலேட்டர் பிரச்சினை வருவதும் இந்த இடத்தில்தான். இரைக்க இரைக்க இழுக்கும்போது ரெகுலேட்டரின் முதல் கட்டம் (சிலிண்டரோடு இணையும் பகுதி) மேலும் குளிர்ந்து, உறைந்து, காற்று தானாகக் கொட்டத் தொடங்கலாம். குளிர்நீருக்கென்று தரச்சான்று பெற்ற ரெகுலேட்டரையே பெயில்-அவுட்டுக்கு வையுங்கள். சிலிண்டர் கணக்கையும் நிதானமான மூச்சுக்கு இல்லாமல் இரைப்புக்குப் போடுங்கள்.

அப்புறம், மரத்துப்போன உதடு மவுத்பீஸை இறுக்கிப் பிடிக்காது. உள்ளே கசியும் நீர் சோடா லைமை எட்டினால் வாயைப் பொசுக்கும் காரக் கரைசல் வந்து சேரும். தலையோடு கட்டும் பட்டையைத் தவறாமல் போடுங்கள்.

மேலே ஏறும்போது உடலில் கரைந்த வாயு வெளியேறக் காத்திருக்கும் டிகம்ப்ரஷன் நிறுத்தங்களில்தான் ஸ்க்ரப்பர் மிகவும் தேய்ந்திருக்கும், உடலும் மிகவும் குளிர்ந்திருக்கும். அடியில் கதகதப்பாக இருந்துவிட்டு நிறுத்தத்தில் குளிர்ந்தால் டிகம்ப்ரஷன் நோய் (அந்த வாயு உடலில் குமிழ்களாவதால் வருவது) அபாயம் கூடுவதாக அமெரிக்கக் கடற்படையின் 2007 ஆய்வு காட்டியது. சூடேற்றும் உள்ளாடை அணிகிறவர்கள் அதன் பேட்டரியை அடியிலேயே தீர்த்துவிடாமல் அந்தக் கடைசி நேரத்துக்கு மிச்சம் வையுங்கள்.